நோய்க்காலத் தெருவில் இருவகைப் பலகைகள்

வாணிகம் தோன்றிய நாளிலேயே அடையாளமும் தோன்றிவிட்டது. புகார் நகரத்தில் பண்டப் பொதிகளின்மீது உடையவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். அவ்வெழுத்துக்குக் 'கண்ணெழுத்து' என்று பெயர். அந்நகரத்தில் ஆடிய கொடிகளைப் பட்டினப்பாலை வகைப்படுத்திக் காட்டும். கள் விற்குமிடத்தில் ஒரு கொடி. வாதுக்கு வருக என அறிஞர் உயர்த்திய கொடி மற்றொன்று. கடையின் கொடியாயினும் கல்வியின் கொடியாயினும் அது சொல்லும் செய்தி ஒன்றே: 'இங்கே வருக' என்பது அச்செய்தி.

இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்லும் அடையாளமும் தமிழரிடத்தில் உண்டு. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாயில் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகுவர். அதைக் கண்டவர் படியேறார். பிச்சை கேட்பவரும் விலகிச் செல்வார். அடுக்களையில் தாளிப்பு நின்றுவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் அந்த ஒழுங்கு காக்கப்படும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு வந்தனர். லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு பலகைச் சுவரே உண்டு. அத்தகைய இடத்தில் வேப்பிலை எவ்வளவு வேண்டிய எச்சரிக்கை என்பது சொல்லாமலே விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் படித்தனர். இதனினும் கருதத்தக்கது, அதைச் செருகியவர் அவ்வீட்டாரே என்பது. வெளியார் எவரும் வந்து செருகவில்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று சொல்லும்போது அதில் அச்சம் உண்டு, இழிவு இல்லை.

வழக்கமான நாள்களில் இவ்விரு அடையாளங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. கடைத்தெருவில் ஒன்று, குடியிருப்பில் மற்றொன்று. கொள்ளைநோய் ஒரு நகரத்தைப் பற்றும்போது மட்டும் இரண்டும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே கதவில் வந்து நிற்கின்றன. அப்போது எந்தக் கதவில் எந்தப் பலகை என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை சொல்வது நோய் மட்டும் அன்று. வாணிகமும் சொல்கிறது, பல வேளைகளில் வாணிகமே முந்திக்கொண்டு சொல்கிறது. நாடுதோறும் இது நிகழ்ந்துள்ளது. ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் அண்மையில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ளப் பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை முதலில் நோக்க வேண்டும்.

1665 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பிளேக் பற்றியது. நோய் கண்ட வீட்டை வெளியிலிருந்து பூட்டினர். கதவின் நடுவே ஓரடி நீளத்தில் செஞ்சிலுவை வரைந்து, 'இறைவா, எங்கள்மீது இரங்கும்' என்னும் பொருள்பட எழுதினர். உள்ளிருப்பவர் வெளியேறாதபடி இரவும் பகலும் காவலர் நின்றனர். வேப்பிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. அந்நிகழ்ச்சியைப் பின்னாளில், 1722 இல், நூலாக எழுதிய தானியல் தெபோ மற்றொன்றையும் குறித்துள்ளார். தெருமுனைக் கம்பங்களிலும் வீட்டுத் தூண்களிலும் போலி மருத்துவர்களின் விளம்பரத் தாள்கள் நிறைந்திருந்தனவாம். நோயே அணுகாமற் காக்கும் உருண்டை, தவறாத நீர் மருந்து என்று எத்தனையோ வகை. கதவில் அரசின் சிலுவை. அதற்கு எதிரேயுள்ள தூணில் மருந்து விற்பவனின் தாள். அச்சம் ஒன்றுதான். ஒருவர் அதை ஆணையாக்கினார், மற்றவர் அதைக் காசாக்கினார்.

பம்பாயின் கதை இன்னும் விரிவாகச் சொல்லத்தக்கது. 1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில் நிகழ்ந்த சாவுகள் பிளேக்கினால் நேர்ந்தவை என்று மருத்துவர் அகாசியோ வியகாஸ் கண்டறிந்தார். மாண்டவி என்பது தானியக் கிடங்குகள் நெருங்கிய வணிகப் பகுதி. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு; எலி உள்ள இடத்தில் தெள்ளுப்பூச்சி உண்டு. இத்தொடர்பு அன்று மெய்ப்பிக்கப்படவில்லை என்றாலும், வணிகர்க்கு வேறொரு தொடர்பு நன்கு தெரிந்திருந்தது. 'பிளேக்' என்னும் சொல் அச்சேறினால் வெளிநாட்டுத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பல்களுக்குக் கதவடைக்கும். பஞ்சும் தானியமும் கரையிலேயே கிடக்கும். ஆகவே தொடக்கத்தில் அந்தச் சொல்லையே நேராகச் சொல்லத் தயங்கினர். ஒருவகைக் கட்டிக் காய்ச்சல் என்பது போன்ற பெயர்கள் வழங்கின. சொல்லை மறைக்கலாம், சாவை மறைத்தல் எளிதன்று. 1897 தொடக்கத்தில் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பம்பாயின் நோயே அங்கு முதன்மையான பேச்சு. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது.

கப்பல்களின் செய்தி இவ்வாறிருக்க, தெருவில் நடந்தது வேறு. நோய் கண்ட வீட்டின் முன்சுவரில் நகராண்மையினர் வட்டமிட்டனர். வட்டங்கள் பெருகப் பெருக அவ்வீட்டின் நோய்க் கணக்குத் தெருவுக்கெல்லாம் தெரிந்தது. குடியிருக்கத் தகாதவை எனக் கருதப்பட்ட வீடுகளில் 'யூ.எச்.எச்.' என்று மூன்று ஆங்கில எழுத்துகளைத் தீட்டினர். மனிதர் குடியிருக்கத் தகாதது என்பதன் சுருக்கம் அது. அந்தச் சால்களில் வாழ்ந்தவர் மராத்தியும் குசராத்தியும் பேசிய உழைப்பாளர். அவருள் ஆங்கிலம் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் அம்மூன்று எழுத்துகளின் பொருள் அனைவருக்கும் விளங்கிற்று: வீடு போயிற்று என்பதே பொருள். படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட பலகை அறிவிப்பு ஆகாது, அது முத்திரை.

1896 அக்டோபர் 6 ஆம் நாள் நகராண்மை வெளியிட்ட அறிவிப்பு, நோயாளரைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இடந்தந்தது. அம்மாத இறுதியில் ஆலைத் தொழிலாளர் ஆயிரவர் அளவில் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். உடனே அதிகாரிகள் கெடுபிடியைத் தளர்த்தினர். தொழிலாளர்பால் எழுந்த இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. அவர்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டால் ஆலை நிற்கும். துப்புரவுப் பணியாளரும் உடன் சென்றால் நகரமே நாறும் என்ற கவலை பெரிது. அஞ்சியபடியே நடந்தது. 1897 தொடக்கத்திற்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகரை நீங்கினர். எஞ்சிய தொழிலாளரை இழுக்க ஆலைக்காரர்கள் தெருமுனைகளிலேயே ஏலம் கூறுவது போலக் கூலி பேசினர். மாதச் சம்பளம் என்பது மாறி அன்றன்றே கூலி கொடுக்கும் நிலை வந்தது. ஒரே தெருவில் சுவரின் எழுத்து 'இங்கே வாழாதே' என்றது; ஆலையின் ஆள் 'போகாதே, இங்கேயே வேலை செய்' என்றான். பம்பாய்த் தொழிலாளி இவ்விரண்டுக்கும் நடுவே நின்றான்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1900 இல், அதே நோய் பசிபிக் மாக்கடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் தோன்றியது. மார்ச்சு மாதத்தில் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் இறந்துகிடந்த சீனர் ஒருவரே முதலாவதாகக் கண்டறியப்பட்டவர். மறுநாளே அப்பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டினர். அக்கயிறு சென்ற வழியைப் பார்த்தால் வாணிகத்தின் கை தெளிவாகத் தெரியும். சீனர் கடைகள் கயிற்றுக்கு உள்ளே. அதே வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டியிருந்த வெள்ளையர் கடைகள் கயிற்றுக்கு வெளியே. கோடு வளைந்து வளைந்து சென்றது. மே இறுதியில் இரண்டாம் முறை அடைத்தபோது, ஜூ ஹோ என்னும் மளிகைக்கடைக்காரர் நீதிமன்றம் சென்றார். நோய் உள்ள தெருவை அடைப்பதாயின் இனம் பாராமல் அடைக்க வேண்டும் என்பது வழக்கின் சாரம். 1900 ஜூன் 15 இல் நீதிபதி மாரோ அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மாநில ஆளுநர் ஹென்றி கேஜோ, தம் மாநிலத்தில் பிளேக்கே இல்லை என்று சாதித்துவந்தார். கலிபோர்னியப் பழங்களை வெளியூரார் வாங்க மறுப்பர் என்ற அச்சம் வணிகர்க்கு இருந்தது. ஆளுநரின் மறுப்புக்குப் பின்னே அந்த அச்சம் நின்றது. நோய் உண்டு என்று உறுதியாகச் சொன்ன அரசு மருத்துவர் கின்யூன் இடமாற்றம் பெற்றார். நான்காண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1918 இன் இன்புளுவென்சாக் காய்ச்சலைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. அது போர்க்காலம். பிலடெல்பியா நகரில் 'எச்சில் சாவைப் பரப்பும்' என்று பலகை வைத்தவர்களே, அவ்வாண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்காக நடந்த ஊர்வலத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேரைத் தெருவிலே கூடவிட்டனர் என்பதை மட்டும் குறித்தல் போதும். மலாயாவில் அக்காய்ச்சல் தோட்டத்து இந்தியத் தொழிலாளரைக் கடுமையாகத் தாக்கிற்று. லயங்களுக்குப் பலகைகள் வந்தனவோ இல்லையோ, நோய் வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சாஆவிலிருந்து யோங் பெங், ஆயர் ஈத்தாம் வழியாகத் தெற்கே சென்றால் சிம்பாங் ரெங்கம் வரும். கோவிட்-19 தொற்றுக்காக நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சு 18 இல் தொடங்கியது. அதன்பின் 'கடுமையாக்கப்பட்ட' ஆணையின்கீழ் முழுதாக அடைக்கப்பட்ட முதல் ஊர்ப்பகுதி சிம்பாங் ரெங்கத்தில் உள்ள கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட்டும் அதையொட்டிய புதுக் குடியிருப்புமே. மார்ச்சு 27 முதல் அங்கே உள்ளவர் வெளியேறவும் வெளியார் நுழையவும் தடை. கடைகள் மூடப்பட்டன, உணவு வீட்டு வாயிலுக்கு அனுப்பப்பட்டது. முதலில் இருவாரம் என்றது, ஏப்ரல் இறுதி வரை நீண்டது. அது குடிமக்கள் வாழும் சிற்றூர். அடைப்பதா வேண்டாவா என்பதில் பெரிய வணிகர் எவரும் குறுக்கிட வேண்டிய நிலை அங்கு இல்லை. கோடு நேராகவே சென்றது.

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா அத்தகையது அன்று. துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, உணவுக்கடை என்று தமிழரும் இந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரரும் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்யும் இடம் அது. கீழே கடை; மேலே அக்கடைகளில் வேலை செய்வோர் நெருக்கிப் படுத்துறங்கும் அறைகள். 2020 ஏப்ரல் 7 இல் அங்குள்ள சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்னும் இரு கட்டடங்கள் அடைக்கப்பட்டன; மாத நடுவில் சுற்றியுள்ள தெருக்களும் அடைக்கப்பட்டன. முள்கம்பி தெருவை வளைத்தது. நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆண்டு முழுவதற்கும் உரிய விற்பனையை அத்தெரு அந்த ஒரு மாதத்தில் எதிர்பார்த்திருக்கும். அவ்வாண்டு நோன்புச் சந்தைகளுக்கு எங்குமே இடம் இல்லாமற் போயிற்று.

முள்கம்பியும் ஒருவகைப் பலகையே. அதில் எழுத்து இல்லை, ஆயினும் அதன் பொருளை இருபுறத்தாரும் படித்தனர். மே 1 ஆம் நாள் அதன் பொருள் மாறிற்று. அன்று குடிநுழைவுத் துறையினர் அப்பகுதியில் சோதனை நடத்தி, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் பலரைப் பிடித்துச் சென்றனர். நோயைத் தடுக்கக் கட்டியது என்று எண்ணப்பட்ட கம்பி, ஆளைப் பிடிக்கவும் உதவிற்று. இதனால் நேர்ந்த தீங்கு அன்று பிடிபட்டவரோடு முடியாது. சோதனைக்கு வருக என்று அடுத்த தெருவில் மருத்துவர் பலகை வைக்கும்போது, அதை நம்பி வருவோர் எத்தனை பேர்? பிளேக் காலத்துப் பம்பாயில் நோயாளரை மறைத்துவைத்த குடும்பங்களின் நினைவு இங்கே எழாமல் இராது.

கடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்து கடைகள் திறந்தபின், கோலாலம்பூரின் பேரங்காடியிலிருந்து லாபிஸ், சாஆ, பெக்கோக் போன்ற சிற்றூர்களின் மளிகைக்கடை வரை, கதவுகளில் தாள்கள் நிறைந்தன. மைசெஜாத்ரா செயலிக்குரிய கட்டக் குறியீடு ஒன்று. கைப்பேசி இல்லாதவர் பெயரும் எண்ணும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். முகக்கவரி இன்றி நுழையக் கூடாது என்று ஒரு தாள். உள்ளே இத்தனை பேருக்குமேல் நிற்கலாகாது என்று மற்றொரு தாள். பொது இடங்களில் முகக்கவரி 2020 ஆகஸ்டு முதல் கட்டாயமாயிற்று. 2021 மார்ச்சு 11 முதல் தண்டம் தனியார்க்குப் பத்தாயிரம் வெள்ளி வரையிலும் நிறுவனத்திற்கு ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலும் உயர்ந்தது. இந்தத் தொகையைக் கேட்டபின் அத்தாள்களை மீண்டும் படித்தால் ஒன்று புலனாகும். அவை வாடிக்கையாளரை நோக்கி எழுதப்பட்டவை போலத் தோன்றினும், அவற்றின் முதன்மையான வாசகர் சோதனைக்கு வரும் அதிகாரியே. தாள் ஒட்டியிருந்தது என்பது கடைக்காரர் தம் கடமையைச் செய்தார் என்பதற்குச் சான்று. ஒரு நாளில் நூறு வெள்ளி கூடத் தேறாத ஒட்டுக்கடைக்காரர் அந்தச் சான்றைக் கண்போற் காத்ததில் வியப்பென்ன? வாணிக நலன் என்றால் பெருமுதலாளியின் பேராசை என்று மட்டும் கொள்ளுதல் பிழை. அச்சமும் அதில் ஒரு கூறு.

இதற்கு நல்ல சான்று முடிதிருத்தும் நிலையங்கள். 2020 ஏப்ரல் 10 இல், முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்று அரசு அறிவித்தது. திறக்க வேண்டா என்று முறையிட்டவர்கள் முடிதிருத்துவோர் சங்கத்தாரே. ஒரு மீட்டர் தள்ளி நின்று எவரும் முடிவெட்ட இயலாது. நோய் பரவினால் பழி தம்மேல் விழும் என்பது அவர் வாதம். சில நாள்களில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 10 இல்தான் அக்கடைகள் திறந்தன. தமிழர் பலர் ஈடுபட்டுள்ள இத்தொழிலில் அன்றாடம் வெட்டினால்தான் அன்றாடம் சோறு. அவர்களே 'மூடியிருக்கட்டும்' என்ற செய்தி நாளிதழ்களில் ஓரிரு நாள் வந்து மறைந்தது. இன்னும் நிலையான இடம் பெறத்தக்கது அது.

பேரங்காடிகள் வேறு வகையாக நடந்துகொண்டன. 2021 மே 8 ஆம் நாள், நோய் பரவும் வாய்ப்புள்ள இடங்கள் என்று 152 இடங்களின் பெயர்ப் பட்டியலை அரசு வெளியிட்டது. செயலியில் பதிவான வருகைக் கணக்கைக் கொண்டு கணித்த பட்டியல் அது. புகழ்பெற்ற வணிக வளாகங்கள் பல அதில் இருந்தன. அவற்றை மூட வேண்டுமா, எத்தனை நாள் மூட வேண்டும், பட்டியலில் இருப்பதனாலேயே நோய் இருக்கிறது என்று பொருளா என்பன பற்றி அரசிடமிருந்தே வேறுவேறு விளக்கங்கள் வந்தன. வளாகத்தார் வெகுண்டனர். தம் பெயர் இவ்வாறு நாடறிய ஒட்டப்படுவது வாணிகத்தைக் கெடுக்கும் என்றனர். அது உண்மையே. ஆனால் ஒரு வீட்டின் பெயரோ ஒரு கம்பத்தின் பெயரோ அதற்கு ஓராண்டுக்கு முன்பே நாடறிய ஒட்டப்பட்டபோது, முறையிட அவர்களுக்குச் சங்கம் இல்லை.

தமிழாசிரியர்கள் ஆர்வங்கொள்ளத்தக்க செய்தி ஒன்று இப்பலகைகளில் உண்டு. ஒருவருக்கொருவர் தள்ளி நிற்பதைக் குறிக்கத் தமிழ்நாட்டில் 'சமூக இடைவெளி' என்ற தொடர் பரவிற்று. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது அது. சாதியால் தள்ளிவைக்கப்பட்டோர் உள்ள நாட்டில் அத்தொடர் எத்தகைய பழைய புண்ணைக் கிளறும் என்பதைப் பலர் எடுத்துக்காட்டினர். உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல் அளவிலான இடைவெளி என்று சொல்வதை விரும்பிற்று. மலேசியத் தமிழ் ஊடகங்கள் 'கூடல் இடைவெளி' என்றன. கூடும் இடத்தில் இடைவெளி விடு என்னும் பொருள் அதில் தெளிவாக உள்ளது. எவரையும் புண்படுத்துவதும் இல்லை. மலேசியத் தமிழ் ஆக்கிய சொற்களுள் இதற்குத் தனியிடம் தரலாம். முகக்கவரி என்னும் சொல்லும் அவ்வாறே இங்குக் கடைக் கதவுகளில் வேரூன்றிற்று.

சென்னையில் பலகைகளின் போக்கு மேலும் சிக்கலானது. 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் வீட்டுக் கதவுகளில், தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர் என்னும் ஒட்டுத்தாள்களை மாநகராட்சி ஒட்டிற்று. மார்ச்சு 28 இல் ஆழ்வார்ப்பேட்டையில் நடிகர் கமல்ஹாசனின் கட்டடத்திலும் அத்தாள் ஒட்டப்பட்டது. அது கட்சி அலுவலகமாக இயங்குகிறது, தாம் அங்கே குடியிருக்கவில்லை என்று அவர் விளக்கியபின் கிழிக்கப்பட்டது. பெயர்பெற்றவராதலால் சில மணி நேரத்தில் தாள் நீங்கிற்று. பெயர்பெறாதவர் வீடுகளில் அது கிடந்தது. பின்னாளில் தகரம் அடித்துச் சில வாயில்களை மறைக்கவும் செய்தனர்.

அதே வேளையில் கோயம்பேட்டில் நடந்தது என்ன? தென்னாட்டின் பெரிய காய்கனிச் சந்தைகளுள் ஒன்று அது. கூட்டத்தைக் குறைக்கச் சந்தையைப் பிரித்து வேறிடங்களுக்கு மாற்ற ஏப்ரலிலேயே அதிகாரிகள் முயன்றனர். வணிகர் சங்கங்கள் இணங்கவில்லை. அழுகும் பண்டத்தை வைத்துக்கொண்டு இடம் மாறுவது எளிதன்று என்பது அவர் தரப்பு; அதில் நியாயமும் உண்டு. ஏப்ரல் இறுதியில் நோய் வெடித்தது. மே 5 இல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் கூலியாட்களும் லாரி ஓட்டிகளும் தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். அரியலூர், கடலூர், விழுப்புரம் ஆகிய மாவட்டங்களில் நோய்க் கணக்குத் திடீரென ஏறிற்று. காய்கறி வாணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 28 இல் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. வெளிநாடு சென்றுவந்த ஒருவரின் கதவில் மார்ச்சிலேயே தாள் ஒட்ட முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் தோளோடு தோள் உரசிய சந்தையின் வாயிலில் பூட்டுத் தொங்க மே மாதம் வரை ஆயிற்று.

விளம்பரம் மட்டும் எந்நாளும் ஓயவில்லை. கபசுரக் குடிநீரை அரசே வழங்கியதைக் கண்டு, நோய் எதிர்ப்பாற்றல் என்னும் தொடர் கடைப்பலகைகளில் ஏறிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஓர் இனிப்புக்கடை, தான் விற்கும் மூலிகை மைசூர்பாகு கொரோனாவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தது. 2020 ஜூலையில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் அக்கடையை மூடினர். தெபோ கண்ட உருண்டைக்கும் இந்த மைசூர்பாகுக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு. மதுரையில் அதே மாதத்தில் முகக்கவரி வடிவில் பரோட்டா சுட்டு விற்றனர். அதில் பொய் இல்லை. தின்றவர்க்கு ஒரு சிரிப்பாவது கிடைத்தது.

கதவில் தாள் ஒட்டும் வழக்கம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாள் ஒட்டப்பட்ட வீட்டாரை அக்கம்பக்கத்தார் தீண்டத்தகாதவர் போல நடத்துகின்றனர் என்பது மனுவின் கருத்து. தன் வழிகாட்டு நெறிகளில் அவ்வாறு ஒட்டச் சொல்லவே இல்லை என்று நடுவண் அரசு கூறிற்று. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி ஆணையிட்டாலன்றி இத்தகைய தாள்களை ஒட்டலாகாது என்று 2020 டிசம்பர் 9 இல் தீர்ப்பாயிற்று. எவரும் சொல்லாமலே நாடெங்கும் ஒட்டப்பட்டன என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

மலேசியாவில் 2021 ஜூன் முதல் நாள் முழு அடைப்பு மீண்டும் வந்தது. மாத இறுதியில் வீடுகளின் முன்னே வெள்ளைத் துணிகள் தோன்றின. உணவு இல்லாதோர் வெட்கப்பட்டுக் கேட்க வேண்டா, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் உதவுவர் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. அதற்கு முந்திய ஆண்டில் கொலம்பியாவின் சொவாச்சா நகரில் பசித்தவர் செந்துணி தொங்கவிட்டதும், குவாத்தமாலாவில் வெண்கொடி காட்டியதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. அரசியலார் சிலர் இதை இகழ்ந்தனர். தோற்றவன் காட்டும் கொடி என்றனர். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அரிசிப் பையும் முட்டையும் வாயிலுக்கு வந்தன. உணவுக்கடைகள் பலவற்றில், கையில் காசில்லாதவர் உணவை எடுத்துச் செல்லலாம் என்ற தாள் முகக்கவரித் தாளுக்குப் பக்கத்திலேயே தொங்கிற்று. அத்தாளை அதிகாரி கேட்கவில்லை. அதை ஒட்டாததற்குத் தண்டமும் இல்லை.

வெண்துணியைக் கட்டியவர் அவ்வீட்டாரே. இவ்வகையில் அது வேப்பிலைக்கு உறவு. ஒரு வேறுபாடு உண்டு. வேப்பிலை 'வராதே' என்றது. வெண்துணி 'வருக' என்றது. பசித்தவன் வீட்டு வாயிலில், புகாரின் கடைக்கொடி சொன்ன அதே சொல்.

2022 மே 1 முதல் கடைகளில் கட்டக் குறியீட்டைப் பதிவுசெய்தல் கட்டாயம் இல்லை என்றாயிற்று. ஒட்டச் சொன்ன ஆணைகள் பல வந்தன. கிழிக்கச் சொல்லி எவரும் ஆணையிடவில்லை. ஆகவே வெயிலில் வெளுத்த அத்தாள்கள் கடைக் கதவுகளில் நெடுநாள் கிடந்தன. தரையில் ஒட்டிய வட்டங்கள், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டியவை, துடைப்பத்தால் தேய்ந்து தேய்ந்துதான் மறைந்தன.